ஒரு வருஷக் கொமிட்டியும் இரண்டு வருஷப் படிப்பும்

லண்டன், 2016–17 பொருளாளர்

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களில் இருந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு அனுப்பினவர்கள், அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். இந்த வருஷம் பொறுப்பெடுத்த தம்பி ஒருவர் இதைப் பற்றிக் கேட்டாரென்று போனில் ஒரு மணித்தியாலம் கதைத்தேன். கதைத்து முடித்தபோது, இதை எல்லோருக்குமே எழுத வேண்டும் என்று பட்டது.

2016 ஜூனில் நான் பொருளாளரானேன். எங்களுக்கு முந்தின கொமிட்டி, கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின இரண்டு வருஷப் படிப்பு) தொடங்கும் ஆறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தது. 2018 ஓகஸ்ட் பரீட்சை வரைக்கும் என்று. கலைவிழாவில் சேர்ந்த காசு ஒரு வருஷத்துக்குத்தான் காணும். மிச்சத்துக்கு அடுத்த கலைவிழா இருக்குத்தானே என்று நினைத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"இலங்கையில் படிப்பு இலவசம்தானே, பிறகென்ன காசு?" என்று காசு சேர்க்க நாங்கள் போடும் சமோசா மேசைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1945 முதல் இலவசக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் சீருடைத் துணி. ஆனால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் எடுத்த பிள்ளைக்கு உள்ளூர்ப் பாடசாலையில் மூன்றுக்கும் ஆசிரியர் இருப்பார் என்று நிச்சயமில்லை. ரியூசன் ரவுனில். அதற்கு பஸ் காசு. கடந்தகால வினாத்தாளைப் போட்டோக்கொப்பி எடுக்கக் காசு. பல்கலைக்கழக இடம் இசட் புள்ளியில் (எல்லோருடைய புள்ளிகளையும் ஒப்பிட்டுப் போடும் அளவு) தசம தானத்தில் தவறிப்போகும் போட்டி அது. அந்த 5,000 ரூபாய் போனது இதற்கெல்லாம்தான்.

நான் பொறுப்பெடுத்த அதே மாதம் பிரெக்சிற் வாக்கெடுப்பு. மே மாதம் ஒரு பவுண்டுக்கு 210 ரூபாய் அளவில் கிடைத்தது, ஒக்டோபரில் 180 அளவுக்கு இறங்கியது. வருஷத்துக்கு 360,000 ரூபாய் அனுப்ப ஏறக்குறைய 1,700 பவுண்டு என்று கணக்குப் போட்டிருந்தோம். அது 2,000 ஆனது. வாக்குக் கொடுத்தது ரூபாயில், சேர்த்தது பவுண்டில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை யாரும் யோசிக்கவில்லை. கேக் விற்று, சமோசா விற்று, ஒரு கிரிக்கெற் போட்டியும் வைத்து அதை மூடினோம்.

2017 ஜூனில் கையளித்தோம். புதுக் கொமிட்டி நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அவர்களுக்கு வேறொரு திட்டம் மனதில் இருந்தது. டிசம்பரோடு காசு நின்றது. எனக்கு அது தெரியாது, வேலைக்குப் போய்விட்டேன்.

2018 மார்ச்சில் ஒருநாள் பின்னேரம் பாடசாலை அதிபர் போன் எடுத்தார். அங்கே இரவு பத்து மணிக்கு மேல். குறை சொல்ல எடுக்கவில்லை. "தம்பி, இனி வராதெண்டால் வராதெண்டு சொல்லிவிடுங்கோ, நான் பிள்ளையளுக்குச் சொல்லவேணும்" என்றார். அதில் ஒரு பிள்ளை ஜனவரியிலேயே கெமிஸ்ட்ரி வகுப்பை விட்டுவிட்டது. வகுப்புக் காசு கட்டாமல் போய் இருக்க வெட்கமாம். அந்த சேர் கேட்கவே இல்லையாம், பிள்ளைதான் தானாக நின்றுகொண்டது.

பழைய கொமிட்டி ஆட்கள் எட்டுப் பேர் அன்றிரவே வாட்சப்பில் சேர்ந்து, பரீட்சை வரைக்குமான காசைக் கையிலிருந்து போட்டோம். ஆனால் போன மூன்று மாதத்தை எந்தக் காசாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இரசாயனவியல் அந்தமுறை சரிவரவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான்: படிப்பு முடியும் மட்டுக்குமான முழுக்காசும் கையில் வராமல் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுக்கக் கூடாது. ஆறு பிள்ளைக்கு ஒரு வருஷம் கொடுப்பதைவிட மூன்று பிள்ளைக்கு இரண்டு வருஷமும் கொடுப்பது மேல். போஸ்டரில் ஆறு என்று போடத்தான் ஆசை வரும். விடுங்கள்.

மான்செஸ்டர், முன்னாள் தலைவர்

எங்கள் அனுபவம் காசைப் பற்றியதல்ல, படத்தைப் பற்றியது.

2017 ஜூலையில், எங்கள் சோதனை முடிந்த கையோடு நாலு பேர் ஊருக்குப் போனோம். பாடசாலையில் எங்களுக்கு வரவேற்பு, மாலை, மங்கள விளக்கு. பிரார்த்தனை மண்டப மேடையில் எங்கள் சங்கத்தின் பெயர் எழுதிய பெரிய பனர். பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புத்தகப் பையும் கொப்பிக் கட்டும் எங்கள் கையால் கொடுக்க வைத்தார்கள். கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். நாலாவதாக வந்த பிள்ளை பையை வாங்கும்போது முகத்தைத் தோள்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. படமெடுத்தவர் "இஞ்ச பாருங்கோ பிள்ளை" என்று இரண்டு தரம் சொன்னார். அது பார்க்கவில்லை. எனக்கு அப்போது விளங்கவும் இல்லை.

திரும்பும்போது கேற்றடியில் அந்தப் பிள்ளையின் அம்மா நின்றார். "தம்பி, படம் பேஸ்புக்கில வருமோ?" என்று கேட்டார். ஓம், போடுவோம் என்றேன். "போடுங்கோ, ஆனால் தேப்பன் இல்லாத பிள்ளை எண்டு எழுதிப் போடாதேங்கோ. இவ வகுப்பில ஒருத்தருக்கும் சொல்லேல்ல." 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் முகாமிலிருந்து வேறொரு ஊருக்கு வந்து குடியேறினது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். எங்கள் கலைவிழாத் துண்டுப் பிரசுரத்தில் அச்சொட்டாக அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தோம். "தந்தையை இழந்த" என்று, பெயரோடு.

அன்றிரவு தங்கின இடத்தில் இருந்து எல்லாவற்றையும் அழித்தோம். அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் மேடை இல்லை, பிள்ளையின் முகம் இல்லை, பெயர் இல்லை. காசு நேரே தாயின் வங்கிக் கணக்குக்குப் போகும். நன்கொடை குறையும் என்று பயந்தார்கள். முதல் வருஷம் கொஞ்சம் குறைந்ததும் உண்மை. பரவாயில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

இன்னொன்றும் அதிபர் சொன்னார், மறக்க முடியாதது. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு கனடாவிலிருந்து ஒருவர், சுவிஸிலிருந்து ஒருவர், பழைய மாணவர் சங்கம் என்று மூன்று இடத்தால் காசு வருகிறதாம். ஒன்பதாவதாக வரும் பிள்ளைக்கு ஒருவரும் இல்லை. எல்லோரும் "கெட்டிக்காரப் பிள்ளையாப் பாத்துத் தாங்கோ சேர்" என்றுதான் கேட்பார்களாம். அதன்பிறகு நாங்கள் ஒன்பதாவது பிள்ளையைக் கேட்டு வாங்கினோம். கிராம சேவகரின் கடிதமும் வகுப்பாசிரியரின் சொல்லும் போதும், புள்ளிப் பட்டியல் கேட்பதில்லை.

முல்லைத்தீவு, 2022 உயர்தரம்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நான் காசு வாங்கிப் படித்த பக்கம். இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். எந்தச் சங்கம் என்று எழுதவில்லை.

முதலில் அந்த நன்றிக் கடிதம். உங்களுக்கு வருஷா வருஷம் வந்த கடிதங்கள் எல்லாம் ஒரேமாதிரி இருந்ததைக் கண்டிருப்பீர்கள். எங்கள் சேர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டார், நாங்கள் பார்த்து எழுதிக் கையெழுத்து வைத்தோம். எனக்கு உண்மையில் சொல்ல எவ்வளவோ இருந்தது. தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன். தயவுசெய்து தமிழில் கேளுங்கள், அல்லது கேட்காமலே விடுங்கள்.

நாங்கள் 2020 இல் உயர்தரம் தொடங்கின ஆட்கள். கொரோனாவால் பாடசாலை பாதி நாள் பூட்டு. வகுப்பெல்லாம் சூமில். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, கோயில் மதிலடியில் போய் நின்றால் வரும். வந்த காசில் பாதி டேற்றா கார்ட்டுக்கே போனது. பிறகு 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஜூனில் எண்ணெய் இல்லாமல் பஸ் நின்றது, பாடசாலைகளையும் பூட்டினார்கள். கொப்பி விலையைக் கேட்டு அம்மா கடையிலிருந்து சும்மா திரும்பி வந்த நாளும் உண்டு.

எங்களுக்குக் காசு தருவதாகச் சொன்னது 2022 ஓகஸ்ட் வரைக்கும், அப்போதுதான் பரீட்சை என்று. பரீட்சை தள்ளிப் போனது. கடைசியில் நடந்தது 2023 ஜனவரி, பெப்ரவரியில். இரண்டு வருஷம் இரண்டரை வருஷமானது. ஓகஸ்டில் நின்றுவிடும் என்று நான் ஜூலையிலேயே பௌதிகவியல் வகுப்பை விட யோசித்து, அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அந்தக் கிழமை லண்டனிலிருந்து ஒரு அக்கா குரல் பதிவு அனுப்பினா: "பரீட்சை எப்ப நடந்தாலும் கடைசிப் பேப்பர் எழுதுற நாள் மட்டும் உங்கட காசு ஒதுக்கி வச்சிருக்கு. திகதியைப் பாக்காதேங்கோ." அந்தப் பதிவை அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். அம்மா திரும்பப் போடச் சொன்னா.

பிறகுதான் அந்த அக்கா விளக்கினா. எங்கள் இரண்டு வருஷக் காசையும் முதலே சேர்த்து, ரூபாயாக மாற்றாமல் பவுண்டாகவே வைத்திருந்தார்களாம். 2022 தொடக்கத்தில் 270 ரூபாய் அளவில் இருந்த பவுண்டு அந்த மே மாதம் 440 ஐத் தாண்டியது. அந்த மேலதிகம்தான் எங்களுக்கு விலையேற்றத்தையும் அந்த ஆறு மாதத்தையும் தாங்கியது. இலண்டன் அண்ணா எழுதினதை வாசிக்கும்போது, அதே பவுண்டு மற்றப் பக்கம் விழுந்திருந்தால் எங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைத்தேன்.

கெமிஸ்ட்ரி வகுப்பை விட்ட அந்த அக்கா பிறகு என்ன செய்கிறா என்று தெரிந்தால் எழுதுங்கள் அண்ணா.

பேர்மிங்ஹாம், இந்த வருஷப் பொருளாளர்

போனில் கேட்ட தம்பி நான்தான். எங்கள் கொமிட்டியில் ஒரு சிக்கல். முழுக்காசையும் சேர்த்துவிட்டோம் என்று வையுங்கள், அது பல்கலைக்கழக மாணவர் யூனியன் கணக்கில்தானே கிடக்கப்போகிறது? அடுத்த வருஷம் வாறவர்கள் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுத்து வேறு வேலைக்கு மாற்றினால் என்ன செய்வது?

லண்டன், 2016–17 பொருளாளர்

தம்பி, யூனியன் கணக்கில் விடாதீர்கள். யூனியன் உங்களை நேரே ஊருக்கு அனுப்ப விடாது, பெரும்பாலும் இங்கே பதிவு செய்த ஒரு அறக்கட்டளைக்குத்தான் கொடுக்கும். அதைத் தொல்லை என்று நாங்கள் அந்தக் காலம் புறுபுறுத்தோம். உண்மையில் அதுதான் வழி. அறக்கட்டளைக்குக் கொடுக்கும்போது "இத்தனை பிள்ளைகளின் உயர்தரப் படிப்புக்கு, இந்தப் பரீட்சை முடியும் வரைக்கும்" என்று எழுத்தில் கொடுங்கள். குறித்த நோக்கத்துக்கு என்று கொடுத்த காசை அந்த நோக்கத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது இங்கத்தைய அறக்கட்டளைச் சட்டம். அடுத்த கொமிட்டி நினைத்தாலும் தொட முடியாது. அந்தக் கடிதத்தில் "பரீட்சை" என்று எழுதுங்கள், மாதத்தையும் வருஷத்தையும் எழுதாதீர்கள். முல்லைத்தீவுத் தங்கச்சி சொன்னதிலிருந்து நான் படித்தது அது. கையிருப்பில் ஆறு மாதக் காசு மேலதிகமாகவும் வையுங்கள், பவுண்டு எந்தப் பக்கம் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது.

கிப்ட் எய்ட் (நன்கொடைக்கு மேல் அரசாங்கம் அறக்கட்டளைக்குத் தரும் வரிப்பணம்) பற்றியும் கேட்டீர்கள். பவுண்டுக்கு 25 பென்ஸ் கிடைக்கும், ஆனால் கொடுக்கிறவர் வருமான வரியோ மூலதன ஆதாய வரியோ போதிய அளவு கட்டுகிறவராக இருக்க வேண்டும். மாணவர்களில் பலர் கட்டுவதில்லை. கலைவிழா ரிக்கெற் காசுக்கும் அது இல்லை, நிகழ்ச்சி பார்க்கக் கொடுத்த காசு நன்கொடையாகாது. ஆனபடியால் இடைவேளையில் அம்மா அப்பாமார் இருக்கும் வரிசைகளுக்குப் படிவத்தோடு போங்கள். வரி கட்டுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

தங்கச்சி, அந்தப் பிள்ளை 2019 இல் இரண்டாம் தரம் எழுதினா. உயிரியலை விட்டு, கலைப் பிரிவில். அதற்கான காசை நாங்கள் எட்டுப் பேர் அனுப்பினோம். இப்போது கிளிநொச்சியில் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறா. போன தைப்பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினா, தமிழில், மூன்று வரி. கெமிஸ்ட்ரியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவவும் சொல்லவில்லை.