ஏரிக்கரைத் தெரு, சத்துவாச்சாரி (வாட்ஸ்அப் குழு)

பாலாஜி, இரவு 8:04
நேத்து ராத்திரியும் ஏரி ஓரம் குப்பையைக் கொளுத்தியிருக்காங்க. 4 போட்டோ போட்டிருக்கேன். கலை அக்கா, பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போடற மனுவுக்குப் "பருவநிலை மாற்றம்"னே தலைப்பு வெச்சுடலாமா?

வக்கீல் கலைச்செல்வி, 8:11
வேணாம் தம்பி. பருவநிலைக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டம் இல்ல. பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் வழக்குக்குன்னு இருக்கற தனி மன்றம். அதோட சட்ட அட்டவணையில இருக்கற 7 சட்டத்துல ஒண்ணுக்குள்ள வந்தாதான் எடுக்கும். குப்பை எரிக்கறது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ போட்ட விதிகள்ல வருது. அதைப் பிடிச்சுக்கணும். பருவநிலை பாதிப்புலேர்ந்து காப்பு கேக்கறது அரசியல் சட்டம் 14, 21 பிரிவு உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2024ல ரஞ்சித்சிங் வழக்குல சொல்லியிருக்கு. அதைப் பின்னாடி சேர்த்துக்கலாம்.

அப்புறம் போட்டோவை இங்க போட்டாச்சுன்னா எடுத்த தேதி, இடம் எல்லாம் அழிஞ்சிடும். எனக்கு 'டாகுமெண்ட்'னு அமுக்கி ஃபைலா அனுப்பு. போன்ல இருக்கற அசலை அழிச்சுடாதே. தீர்ப்பாயத்துக்குச் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது, ஆனா நாளைக்கு ஹைகோர்ட்டுக்குப் போனா சாட்சியச் சட்டம் 63ம் பிரிவுச் சான்று கேப்பாங்க. அதுல பகுதி அ-வுல போன்காரர் கையெழுத்து, பகுதி ஆ-வுல நிபுணர் கையெழுத்து.

மாலா, 8:19
வரைவுல "பல வருஷமா எரிக்கிறார்கள்"னு எழுதியிருக்கேன் கலை, சரிதானே?

வக்கீல் கலைச்செல்வி, 8:22
அந்த வரியை முதல்ல எடுங்கக்கா! தீர்ப்பாயச் சட்டம் 14ம் பிரிவுல, வழக்குக்கான காரணம் முதல்முதலா உண்டான நாள்லேர்ந்து மனு போட 6 மாசம்தான். தகுந்த காரணம் காட்டினா இன்னும் 60 நாள். நல்ல மனு பலது இந்த ஒரு வாக்கியத்துலதான் கவிழுது. எரிச்ச ஒவ்வொரு தேதியையும் தனித்தனியா எழுதுங்க. ஏரியைச் சீர்படுத்தச் சொல்லி 15ம் பிரிவுல கேக்கறதுக்கு 5 வருஷம் இருக்கு, ரெண்டையும் கேப்போம். இழப்பீட்டுத் தொகை கேக்கலேன்னா கட்டணம் 1000 ரூபாய்.

நசீர் பாய், 8:30
1996 தீர்ப்பு நம்ம ஊர்ப் பேர்லதானேம்மா? பாலாறு, தோல் பதனிடுற கழிவு...

வக்கீல் கலைச்செல்வி, 8:33
ஆமா பாய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, 1996 ஆகஸ்ட் 28. வாதாடினவர் எம்.சி.மேத்தா. மாசு பண்ணவனே செலவை ஏத்துக்கணும்ங்கற கொள்கை நம்ம சட்டத்துல ஒரு பகுதின்னு அதுலதான் உறுதியாச்சு. இப்ப தீர்ப்பாயச் சட்டம் 20ம் பிரிவே அதைக் கட்டாயமாக்குது. குப்பை எரிச்சா 5,000 ரூபாய், மொத்தமா எரிச்சா 25,000 ரூபாய் கட்டணும்னு 2016 டிசம்பர்ல தீர்ப்பாயமே போட்ட உத்தரவும் இருக்கு, அதை இணைப்புல வைக்கறேன்.

மாலா, 8:37
எரிக்கறது நின்னாலும் குப்பை மேடு அப்படியேதானே கெடக்கும்?

வக்கீல் கலைச்செல்வி, 8:40
அதான் விஷயம். காத்து போகாத மேட்டுக்குள்ள சோத்துக் கழிவு மக்கினா மீத்தேன். 20 வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 80 மடங்கு சூடேத்தும். அதனால "எரிப்பதை நிறுத்து"ன்னு மட்டும் கேட்டா பாதி வேலைதான். மேட்டைத் தோண்டிச் சலிச்சுப் பிரிக்கணும், வீட்டுலயே தரம் பிரிச்சு வாங்கணும், கெடு தேதி போடணும். மூணையும் எழுதுங்க.

தணிகாசலம், 8:46
ஏரி எல்லைக்கு நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் வரைபட நகலும் வேணும். வார்டு, பிளாக், சர்வே எண் மூணும் இல்லாம எழுதினா "இடம் அடையாளம் தெரியவில்லை"ன்னு பதில் வரும். தகவல் உரிமை மனு 10 ரூபாய், 30 நாள். "ஏன் நடவடிக்கை இல்லை"ன்னு கேக்காதீங்க. எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல்னு கேளுங்க.

வக்கீல் கலைச்செல்வி, 8:49
நன்றி சார். வெறும் ஆக்கிரமிப்புன்னா அது 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், தீர்ப்பாய அட்டவணையில இல்ல. ஹைகோர்ட்ல தனி ரிட்டா போடணும்.

நசீர் பாய், 8:53
என் மருமகன் ஒப்பந்தம் எழுதுற வக்கீல், கோர்ட்டுக்குப் போறதில்ல. அவனால இன்னா பண்ண முடியும்?

வக்கீல் கலைச்செல்வி, 8:57
நிறைய முடியும் பாய். லண்டன்ல 2019லேர்ந்து சான்சரி லேன் ப்ராஜெக்ட்னு வக்கீல்கள் சேர்ந்து, கார்பனைக் குறைக்கற ஒப்பந்த ஷரத்துகளை எழுதி இலவசமா வெச்சிருக்காங்க. அதை நம்ம 1872 ஒப்பந்தச் சட்டத்துக்குத் தகுந்தபடி மாத்தி, குப்பை அள்ளுற ஒப்பந்தத்துக்கு மாதிரி ஷரத்து எழுதித் தரச் சொல்லுங்க. ஆனா தெரு நோட்டீஸ்ல அவர் பேரோ என் பேரோ வேணாம். அது விளம்பரம் ஆயிடும், பார் கவுன்சில் விதி 36படி வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாது.

பாலாஜி, 9:02
அக்கா, ஃபைலா 4 போட்டோவும் அனுப்பிட்டேன்.

வக்கீல் கலைச்செல்வி, 9:06
வந்துது. மூணுல இடம் பதிவாயிருக்கு. நாலாவதுல லொகேஷன் ஆஃப். அடுத்த தடவை கேமரா செட்டிங்ல போட்டுட்டுக் கிளம்பு.