புதுப்பிப்பு: சி மேஜர் கார்டில் ஓபோ மட்டும் துருத்திக்கொண்டு கேட்ட பிரச்சினை

சி, இ, ஜி ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் சி மேஜர் கார்டை ஆறு காற்று வாத்தியங்களுக்கு எழுதினால் ஓபோ (நாணல் வைத்து ஊதும் குழல்) மட்டும் தனித்துக் கேட்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புல்லாங்குழல், கிளாரினெட், ஓபோ என்று மேலிருந்து ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்தேன். மெல்லிய இடத்தில் இரண்டாம் ஓபோவின் நடு சி (கார்டின் அடி ஸ்வரம்) வாத்துக் குரலில் கத்தியது. 'சத்தத்தைக் குறைத்து வாசிக்கச் சொல்லுங்கள்' என்ற யோசனை எடுபடவில்லை. அந்தக் கீழ் ஸ்வரங்களை ஓபோவில் அடக்கி ஊதுவதே கடினம்.

பலித்தது, பின்னல் யோசனைதான்: ஒரே வாத்திய ஜோடியை அடுத்தடுத்து வைக்காமல், புல்லாங்குழலையும் ஓபோவையும் மாற்றி மாற்றி அடுக்குவது. மேலிருந்து: முதல் புல்லாங்குழல் ஜி, முதல் ஓபோ இ, இரண்டாம் புல்லாங்குழல் சி, இரண்டாம் ஓபோ ஜி, அடியில் இ, சி இரண்டும் கிளாரினெட்டுகளுக்கு. ஒரே வாத்தியம்போல் கேட்டது!

எதிர்பாராதது ஒன்று: முதலில் இரண்டாம் புல்லாங்குழலை அந்தக் கீழ் ஜியில் வைத்தேன், ஆள் காணாமலே போனது. ஓபோவோடு இடம் மாற்றியதும் சரியானது.