கிறிஸ்துமஸ் கேக்டஸ் மொட்டெல்லாம் கொட்டிடுச்சு, இப்ப செடியும் துவண்டு கெடக்கு, காப்பாத்த முடியுமா?

ஜெனி சாந்தோம் (ஜனவரி 2)
புது வருஷம் அதுவுமா புலம்பலோட வர்றேன், மன்னிச்சுக்கோங்க. டிசம்பர் முதல் வாரம் ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரில இந்தச் செடி வாங்கினேன், 450 ரூபா, பிங்க் கலர், இருபது மொட்டுக்கு மேல இருந்துச்சு. 25ஆம் தேதி குடில் பக்கத்துல பூத்து நிக்கணும்னு ஆசை. ஒரு வாரம் பால்கனில வச்சேன், மழைல நல்லா நனைஞ்சுச்சு, அப்புறம் அழகா இருக்கட்டும்னு வெள்ளை செராமிக் தொட்டிக்குள்ள இறக்கி ஹால்ல டைனிங் டேபிள் மேல வச்சேன், அன்னைலருந்து தினம் ஒண்ணு ரெண்டு மொட்டு கொட்ட ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ் அன்னைக்கு ரெண்டே ரெண்டு, அதுவும் சாயங்காலம் போச்சு. இப்ப இலையெல்லாம் சுருங்கி தொங்குது, தொட்டா பழைய ரப்பர் மாதிரி இருக்கு. தண்ணி பத்தலையோன்னு தினமும் ஒரு டம்ளர் ஊத்துறேன், எங்க மாமியார் எனக்குத் தெரியாம இன்னொரு டம்ளர் ஊத்துறாங்கன்னு நேத்துதான் தெரிஞ்சுது. என்ன பண்றது?

மொட்டமாடி கார்த்தி
சிஸ்டர், கள்ளிச் செடிதானே, மாடில நல்ல வெயில்ல வைங்க, தண்ணிய நிறுத்துங்க, தானா சரியாகும்.

செடிப்பைத்தியம் அம்பத்தூர்
கார்த்தி ப்ரோ பாதி சரி பாதி தப்பு. கேக்டஸ்னு பேர் இருக்கறதால எல்லாரும் இந்தத் தப்பைத்தான் பண்றோம், இது பாலைவனச் செடியே கிடையாது. ஊரு பிரேசில், ரியோ டி ஜெனிரோ பக்கத்து மலைக்காடு, அங்க மரக்கிளை மேலயும் பாறை இடுக்குலயும் சருகு மக்குன கொஞ்சூண்டு மண்ணுல தொத்திட்டு வளரும், மேல நிழல், சுத்தி ஈரக் காத்து. மொட்டமாடி வெயில்ல வச்சா செவந்து போயி வெந்துடும், நான் வச்சு கொன்னுருக்கேன்.

நங்கநல்லூர் மாமி
நம்மாத்து பிரம்மகமலமும் இந்த ஜாதிதானே, அதுவும் கள்ளி வகைதான், மரத்துல தொத்தறதுதான். அதை எப்படி நிழல்ல வச்சுப் பாத்துக்கறோமோ அப்படித்தான் இதையும் பாக்கணும்மா.

ரிட்டயர்டு தோட்டக்காரன்
ஏம்மா ஜெனி, மூணு கேள்வி. ஒண்ணு, அந்த வெள்ளைத் தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கா? ரெண்டு, தொட்டியத் தூக்கினா கனமா இருக்கா லேசா இருக்கா? மூணு, டேபிள் மேல பக்கத்துல என்ன இருந்துச்சு? காஞ்சாலும் சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும், ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். அழுகுன வேர் தண்ணிய உறிஞ்ச முடியாம செடி தாகத்துல வாடும், நாம அதப் பாத்து இன்னும் ஊத்துவோம். இன்னைக்கு ஒரு சொட்டு ஊத்தாதே, செடிய உருவி வேரைப் பாத்துட்டு சொல்லு.

ஜெனி சாந்தோம்
சார், வெள்ளைத் தொட்டிக்கு ஓட்டையே இல்ல. உள்தொட்டிய தூக்கினா அடியில ரெண்டு விரல் உயரம் தண்ணி நிக்குது, கூவம் வாசனை. வேர் பழுப்பா கொழகொழன்னு கையோட வந்துடுச்சு. டேபிள்ல கேக் டப்பா, அப்புறம் பண்டிகைக்கு ஊர்லருந்து வந்த ஒரு பெரிய சீப்பு வாழைப்பழம், அதை ஏன் கேக்கறீங்க?

ரிட்டயர்டு தோட்டக்காரன்
நெனச்சேன். பழம் பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயு வரும்மா, கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, இந்தச் செடி மொட்டுக்கு அது ஆகவே ஆகாது, உதுத்துடும். அதோட இடம் மாத்தினது, மழைல ஊறினது, ஹால் சூடு, எல்லாம் ஒரே வாரத்துல. மொட்டு விட்டதுக்கப்புறம் இதை நகத்தவே கூடாது. நீ ஒரு தப்பு பண்ணல, நாலு பண்ணிட்ட, பரவால்ல.

இப்ப அந்த வேரை மறந்துடு. மேல இன்னும் கெட்டியா பச்சையா இருக்கற பகுதில மூணு மூணு துண்டா எடு. கத்தி வேணாம், ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேர்ற கணுவுல பிடிச்சு மெதுவா திருகு, கழண்டு வரும் (அது இலையே இல்ல, தட்டையான தண்டு, அதான் அதுலருந்தே வேர் வரும்). ரெண்டு மூணு நாள் நிழல்ல காய விடு, திருகுன வாய் ஆறணும், இதை அவசரப்பட்டுத்தான் எல்லாரும் கெடுக்கறாங்க. அப்புறம் கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) ரெண்டு பங்கு, பெர்லைட் (நர்சரில கெடைக்கற வெள்ளையா லேசான கல்லுப் பொரி) ஒரு பங்கு, அடுப்புக்கரி சின்னச் சின்னதா ஒடச்சது ஒரு பங்கு. எம் சாண்ட் போடாதே, மாவு மாதிரி அடைச்சுக்கும். ஓட்டை போட்ட தயிர் கப்புல அடித்துண்டு பாதி புதையற மாதிரி நட்டு, மேல் மண்ணு காஞ்சா மட்டும் லேசா தெளி.

நங்கநல்லூர் மாமி
திருகின எடத்துல துளி மஞ்சப்பொடி தடவுங்கோ, நான் எல்லாத்துக்கும் அதான் பண்றேன்.

ஜெனி சாந்தோம்
ரொம்ப நன்றி சார், மாமி. இன்னொரு டவுட், ஓரம் எல்லாம் நண்டுக் கொடுக்கு மாதிரி கூரா இருக்கு, நெட்ல படத்துல ஓரம் வழுவழுன்னு இருக்கே, ஏமாத்திட்டாங்களா?

செடிப்பைத்தியம் அம்பத்தூர்
ஏமாத்தல, கடைல கிறிஸ்துமஸ் கேக்டஸ்னு விக்கறதுல முக்கால்வாசி உங்களோடதுதான். கூரா பல்லு இருந்தா அமெரிக்காக்காரங்க தேங்க்ஸ்கிவிங் கேக்டஸ்னு சொல்லுவாங்க, நவம்பர் கடைசில வர்ற அவங்களோட அந்தப் பண்டிகை சமயத்துலயே பூக்கும். ஓரம் உருண்டையா இருக்கறதுதான் அசல் கிறிஸ்துமஸ், அது கொஞ்சம் லேட்டு. வளப்பு ரெண்டுக்கும் ஒண்ணுதான். இதுல வேடிக்கை, சொந்த ஊர் பிரேசில்ல இதுக்குப் பேரே மே மாசப் பூ, அவங்களுக்கு குளிர் வர்றது அப்பத்தானே.

மொட்டமாடி கார்த்தி
சரி நான் தப்பா சொல்லிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா நம்ம சென்னைல இது திரும்பப் பூக்குமா? என் ஃப்ரெண்ட் வீட்ல மூணு வருஷமா இலை மட்டும்தான்.

ரிட்டயர்டு தோட்டக்காரன்
கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். மொட்டு கட்ட ஆறு வாரம் போல தெனமும் 12, 14 மணி நேரம் முழு இருட்டு வேணும், கூடவே ராத்திரி 20 டிகிரிக்குக் கீழ குளிர் இருந்தா நல்லது. இருட்டு நமக்குப் பிரச்சினையே இல்ல, டிசம்பர்ல சென்னைப் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்ல. ஆனா ஹால்ல பதினோரு மணி வரைக்கும் சீரியல் ஓடும், பால்கனில தெருவிளக்கு, செடிக்கு ராத்திரின்னே தெரியாது. குளிர்தான் பெரிய சிக்கல், மார்கழிலயே 21, 22தான் நமக்கு, அதுக்கே மங்கி குல்லா போடறோம். என் தங்கச்சி ஏற்காட்டுல இருக்கா, ஒண்ணும் பண்றதில்ல, வருஷா வருஷம் கொத்துக் கொத்தா பூக்குது, பாத்தா வயிறு எரியும். என்கிட்ட மூணு வருஷத்துல ஒரு தடவை ஏழு பூ. நவம்பர்லருந்து மழை படாத வடக்கு ஜன்னல்ல வச்சு, சாயங்காலம் அஞ்சரைக்கு அட்டைப்பெட்டி கவுத்து, காலைல ஏழுக்கு எடுத்தேன், வீட்ல சிரிச்சாங்க. ஜனவரி கடைசில பூத்துச்சு.

ஜெனி சாந்தோம் (ஜனவரி 31)
அப்டேட்! ஏழு துண்டு நட்டேன். அஞ்சு மெதுவா இழுத்துப் பாத்தா மண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, ஒண்ணுல நுனில அரிசி அளவுக்கு செவப்பா புதுத் துளிர். தாய்ச்செடி போயிடுச்சு. கப்பெல்லாம் மாமியார் கைக்கு எட்டாத ஷெல்ஃப்ல வச்சிருக்கேன். மீதி ரெண்டுல ஒண்ணு அடியில கருப்பா இருக்கு சார், விடவா எடுக்கவா?

ரிட்டயர்டு தோட்டக்காரன்
எடுத்துப் போட்டுடு, அந்தக் கப்பு மண்ணையும் சேத்து. இன்னொண்ணு கெட்டியா இருந்தா விட்டு வை. மே மாசம் ஃபேன் காத்து நேரா படாம பாத்துக்கோ.

நங்கநல்லூர் மாமி
துளிர் போட்டோ போடுங்கோ.