போனது வேறு, போரிட்டது வேறு

குழு: கம்பைநல்லூர் பெரிய வீடு

சின்னப்பாப்பா, இரவு 8.05
அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரிப் பட்டிமன்றத்தில், 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கையில் நடத்திய போர் தேவைதானா என்ற தலைப்பில், 'தேவையே' என்ற அணிக்கு என் பெயரைப் போட்டுவிட்டார்கள். வாத்தியார் மாமாவும் சுபேதார் பெரியப்பாவும் இருக்கும் குழுவில் கேட்காமல் வேறு எங்கே கேட்பேன்?

வாத்தியார் மாமா, 8.21
பாப்பா, தலைப்பு வைத்தவர்கள் இரண்டு கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். படை போனது ஜூலை மாதம். விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கியது அக்டோபரில். ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டிய புலிகள் கையெழுத்திடவில்லை. கடன்காரன் கைநாட்டு வைக்காத பத்திரத்துக்கு நாம் ஜாமீன் நின்றோம் என்றுதான் வகுப்பில் சொல்வேன்.

ஓசூர் அண்ணன், 8.34
மாமா, 2009 வரை நடந்ததையெல்லாம் தெரிந்துகொண்டு அன்றைய முடிவை எடைபோடுவது எளிது. 1987 மே மாதக் கடைசியில் இலங்கை ராணுவம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சிக்குள் புகுந்துவிட்டது. அடுத்தது யாழ்ப்பாணம்தான் என்ற நிலையில், ஜூன் 4 அன்று நம் விமானங்கள் அங்கே உணவுப் பொட்டலங்களைப் போட்டன. நாம் தலையிடாமல் இருந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்கும் என்பதையும் தராசில் வைக்க வேண்டாமா?

வாத்தியார் மாமா, 8.47
அது போனதற்கான நியாயம், போரிட்டதற்கு அல்ல. அக்டோபர் தொடக்கத்தில் கடலில் பிடிபட்ட புலிகளின் தளபதிகள் புலேந்திரன், குமரப்பா முதலானவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோயே தீர வேண்டும் என்று இலங்கை அரசு பிடிவாதமாக நின்றது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமானத் தளத்தில் அவர்களில் 12 பேர் சயனைடு தின்று இறந்தார்கள். அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் நாம் போரில் இருந்தோம். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பும்போது நம் பக்கம் மட்டும் ஏறத்தாழ 1,200 வீரர்கள் இறந்திருந்தார்கள். மிஞ்சியது இலங்கை அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தமும் அது தந்த மாகாண சபையும்; ஒன்றாக இணைத்த வடக்கையும் கிழக்கையும் 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிரித்துவிட்டது.

சுபேதார் பெரியப்பா, 9.30
தட்டச்சு செய்ய எனக்கு நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இறங்கிய புதிதில் ஜனங்கள் தெருவோரம் நின்று மாலை போட்டார்கள். நான் மதராஸ் ரெஜிமெண்ட். தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் ஒரு வீட்டு அம்மா சர்க்கரை போடாத தேநீரைக் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு பனங்கட்டியை வைத்து, இதைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும் தம்பி என்று சொல்லிக்கொடுத்தார். அக்டோபரில் அதே ஒழுங்கை, அதாவது சந்து வழியாகத் துப்பாக்கியோடு போனேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஓலை வேலி. கையிலிருந்த வரைபடத்தில் அந்த ஒழுங்கையே இல்லை. அந்த வீட்டுக் கதவு மூடியிருந்தது. தட்டிச் சோதனை போட வேண்டும் என்பது உத்தரவு. என் முறை வந்தபோது எனக்குக் கை எழவில்லை.

அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய வீரர்கள் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். நாம் வருவது புலிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. எதிரில் சுடுகிறவன் இருக்கும்போது இது தேவையா என்று யோசிக்கச் சிப்பாய்க்கு நேரம் கிடையாது. யோசிக்க வேண்டியவர்கள் டெல்லியில் இருந்தார்கள், அவர்களுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை நேரமும் இருந்தது. என்னோடு வந்த ஊத்தங்கரைக்காரன் திரும்பவில்லை. எதுக்குப்பா போனீங்க என்று அவன் தாயார் ஒரே ஒருமுறை கேட்டார். ஒப்பந்தத்தைக் காப்பாற்ற என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சின்னப்பாப்பா, 9.41
பெரியப்பா, போனது தேவை என்று மட்டும் பேசுகிறேன். நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைக்கட்டும்.

பென்னாகரம் அத்தை, 9.52
நாகாவதி அணை முகாமிலிருந்து என்னிடம் தையல் வேலைக்கு வரும் அக்கா, நம் படை திரும்பிய அதே 1990-இல் படகேறி வந்தவர். 1987 தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் படை நுழைந்ததையும், மருத்துவர், செவிலியர் உட்பட 60 பேருக்கு மேல் இறந்ததையும் மிஷினில் தைத்துக்கொண்டே ஒருநாள் சொன்னார். பட்டிமன்றத்தில் இதையும் சொல், பாப்பா.

சுபேதார் பெரியப்பா, 10.03
நான் அந்தப் படையில் இருந்தவன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாயா?

பென்னாகரம் அத்தை, 10.05
சொல்லியிருக்கிறேன் அண்ணா. எந்த மாதம் அங்கே இருந்தார் என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

சுபேதார் பெரியப்பா, 10.16
இனிமேல் கேட்டால் அக்டோபர் என்று சொல்லிவிடு.