ஐயாவின் அம்பாசிடரை நேர்கோட்டு வேக ஓட்டத்துக்கு மாற்றலாமா?

கானாடுகாத்தான்: 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். கூரையைத் தாழ்த்தி வெட்ட ஆசை. முதலில் எஞ்சினைத்தானே பிரிக்க வேண்டும்?

காரைக்குடி பட்டறை: இல்லை தம்பி, முதலில் காற்றைக் கவனியுங்கள். வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லும் சக்தியோ எட்டு மடங்கு வேண்டும். கூரையை வெட்டுவது நல்ல யோசனை, காற்றை எதிர்கொள்ளும் முகப்பரப்பு குறையும். நியூசிலாந்தின் பர்ட் மன்றோ 1920ஆம் ஆண்டில் தயாரான ‘இண்டியன்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளுக்குப் பிஸ்டன்களைத் தாமே வார்த்து, காற்றைக் கிழித்துச் செல்லும் நீள்கூடு கட்டி, 1967இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் மணிக்கு 183 மைலைத் தாண்டினார். அந்த மனிதரை நான் வணங்குகிறேன்!

தேவகோட்டை: கார் கவிழ்ந்தால் உங்களைக் காக்க, அதன் உடற்கட்டோடு வெல்டு செய்த இரும்புக்குழாய்க் கூண்டு இல்லாமல் ஏறாதீர்கள். டயரில் எச் (H) என்ற வேகக் குறியீடு இருந்தால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரைதான்.

காரைக்குடி பட்டறை: திருமயம் சாலையில் சோதிக்கவே கூடாது. ஆடுமாடு குறுக்கே வரும்.

கானாடுகாத்தான்: சரி அண்ணே, கூண்டிலிருந்தே தொடங்குகிறேன்.