முதல் வில்: ஒருவழியாக முடிவெடுத்தாச்சு (புதுப்பிப்பு)

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு குறைந்த காசில் கழற்றிப் பூட்டும் ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் தந்த அண்ணாமாருக்கு நன்றி.

ஐஎல்எஃப் (பல கம்பனிகளுக்கும் பொதுவான பொருத்துமுறை) பொருத்து உள்ள 25 அங்குல றைசர் (நடுவில் பிடிக்கும் துண்டு), மீடியம் நீள லிம்ப் (அதன் மேலும் கீழும் பூட்டும் வளையும் துண்டுகள்). பூட்டினால் 68 அங்குல வில். காசில் பெரும்பங்கு றைசருக்கே. லிம்ப் மலிவானதுதான், நாணை இழுக்கும் விசை 20 இறாத்தல். 30 எடு என்று ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். சரிவராது அண்ணா. லிம்பில் எழுதியிருப்பது 28 அங்குல இழுவைக்கான கணக்கு. அதைத் தாண்டினால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 இறாத்தல் கூடும், எனக்கோ நீளமான கை. தோள் பழகியதும் லிம்பை மட்டும் மாற்றலாம், வேறு கம்பனியின் ஐஎல்எஃப் லிம்பும் இதே றைசரில் ஏறும். அதற்காகத்தானே இவ்வளவு பாடு!

சைட் (குறிபார்க்கும் கருவி), ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் வைக்கும் தண்டு) எல்லாம் பிறகு. விரல் காப்பும் கைக்காப்பும் கட்டாயம். கனடாவில் இருந்து வரும் மாமா கொண்டுவருவார், கழற்றினால் சூட்கேசுக்குள் அடங்கும்.

அம்புதான் மிச்சம். ஸ்பைன் எண் (அம்பு எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண்) கூடக் கூட அம்பு இளக்கம் என்பது வரை விளங்கிவிட்டது. இப்படி இழுவிசை குறைந்த வில்லுக்கு எந்த எண் எடுத்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.