லாஸ்லெஸ்: ‘இழப்பற்ற ஒலி’ வேண்டாம், ‘மடிப்பொலி’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒலிக்கோப்பில் எதையும் இழக்காமல் சுருக்கும் லாஸ்லெஸ் (lossless) முறைக்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் ‘இழப்பற்ற ஒலி’, ‘உயர்தர ஒலி’ என இரண்டு பரிந்துரைகள் இதுவரை வந்திருக்கின்றன. போன சனிக்கிழமை இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டி வந்தது. தம்பி மகனுக்குப் பாட்டுக் கேட்பதற்கென்றே தனியாக ஒரு பிளேயர் வேண்டுமாம். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போகும் வழியில், பெருவிரைவு ரயிலில், என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தமிழிலேயே விளக்க முயன்றேன்.

“இழப்பற்ற ஒலியா? யாரோ இறந்துட்ட மாதிரி இருக்கே பெரியப்பா” என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ‘இழப்பு’ என்ற சொல்லை அவன் பார்ப்பதெல்லாம் நாளிதழின் இரங்கல் பக்கத்தில்தான். அதோடு ‘அற்ற’, ‘இல்லா’ என்று முடியும் சொல், ஒன்று இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

‘உயர்தர’ என்பது இன்னும் மோசம். சில ஆண்டுகளுக்கு முன் ‘உயர்தர ஒலி’ என்ற பேச்சை நம்பி நான் ஒரு பிளேயர் வாங்கினேன். என் பாட்டுகள் எல்லாமே எம்பி3. அதில் போட்டால் மெருகேறிவிடும் என்று கடையில் சொன்னார்கள். ஏறவில்லை, ஏறவும் முடியாது. லாஸ்லெஸ் என்பது தரத்துக்குக் கொடுக்கும் பட்டம் அல்ல. மூலத்தில் இருந்தது அப்படியே திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி மட்டுமே. கரகரத்த பழைய ஒலிநாடாவை லாஸ்லெஸாக வைத்தால் அந்தக் கரகரப்பும் துளி குறையாமல் இருக்கும்.

சரி, கோப்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். இசைவட்டில் ஒரு விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், அதாவது பதினாறு 0, 1 இலக்கங்களில், எழுதுகிறார்கள். இரண்டு தடத்துக்கும் சேர்த்து விநாடிக்கு 1,411 கிலோபிட். ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் ஆகும். 2001இல் வந்த ஃபிளாக் (FLAC) என்ற லாஸ்லெஸ் கோப்பு வகை இதைப் பெரும்பாலும் பாதியோ அதற்குச் சற்று மேலோ ஆகுமளவு சுருக்குகிறது, ஆனால் எதையும் தூக்கிப் போடுவதில்லை. அடுத்த அளவு என்னவாக இருக்கும் என்று முந்தைய அளவுகளிலிருந்து கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. திறக்கும்போது ஒரு பிட்கூட மாறாமல் பழையது வந்துவிடும். எட்டு முழ வேட்டியை மடித்து அலமாரியில் வைப்பது போலத்தான். விரித்தால் அதே எட்டு முழம்.

எம்பி3 செய்வது வேறு. பெரிய ஓசை பக்கத்துச் சிறு ஓசையைக் காதுக்கு மறைத்துவிடும் அல்லவா? அப்படி மறைந்துபோகும் நுட்பங்களைக் குறைத்தும் கழித்தும் விடுகிறது. கஞ்சியை வடித்துவிட்டுச் சோற்றை வைத்துக்கொள்வது போல. சோறு நன்றாகவே இருக்கும். விநாடிக்கு 320 கிலோபிட் உள்ள எம்பி3க்கும் ஃபிளாக்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது, அதுவும் ஓடும் ரயிலில், பெரும்பாலோருக்கு முடியாது. ஆனால் கொட்டிய கஞ்சி திரும்பாது.

ஆகவே என் பரிந்துரை: லாஸ்லெஸாகச் சுருக்கியது மடிப்பொலி, எம்பி3 வகை வடிப்பொலி, சுருக்கவே சுருக்காத வேவ் (WAV) கோப்பு விரியொலி.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு அவனிடம் மறுபடி பேசினேன். “எம்பி3யை ஃபிளாக்காக மாத்தினா நல்லா கேக்குமா?” என்று கேட்டான். வடித்ததை மடித்தால் கஞ்சி வருமா என்றேன். அதற்குமேல் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. புளூடூத் காதொலிப்பான் வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதே விடை போதுமானதாக இருந்தது. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்ப வழக்கமாக உள்ள எஸ்பிசி (SBC) முறை போகிற வழியில் ஒலியை வடிக்கிறது. அதைவிட மேம்பட்ட எல்டாக் (LDAC) முறையும் வடிக்கத்தான் செய்கிறது; அதன் உச்சமே விநாடிக்கு 990 கிலோபிட்தான், இசைவட்டின் 1,411ஐ எட்டாது. மடிப்பொலியை மடிப்பொலியாகவே கேட்க வேண்டுமென்றால் கம்பிதான் நம்பகமான வழி. கடைசியில் கம்பித் துளையும் நினைவட்டைத் துளையும் உள்ள எளிய ஒன்றை வாங்கினோம். விலை கூடியதை அவன் கேட்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

‘வடித்தெடுத்தது’ என்றால் சாரம், சிறந்தது என்ற பொருளும் வருமே என்று சிலர் கேட்கக்கூடும். வரட்டும். காதுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதுதான் எம்பி3யின் வேலை, அதை இழிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கே உள்ள தயக்கம் வேறு. மடிப்பொலி, வடிப்பொலி இரண்டுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் வேறு. எழுத்தில் இந்த எதுகை நினைவில் நிற்க உதவும். வானொலியிலோ தொலைபேசியிலோ ‘ம’வும் ‘வ’வும் மயங்கும். பேச்சில் ‘மடித்த ஒலி’, ‘வடித்த ஒலி’ என்று பிரித்துச் சொன்னாலும் அந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. ‘மடிப்பொலி’யை வைத்துக்கொண்டு, அதன் இணைக்கு மட்டும் ‘கழித்த ஒலி’ என்று போகலாமா?

அப்புறம், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் பதிவுகளை ஹை-ரெஸ் என்கிறார்களே, அதை இதோடு சேர்க்காதீர்கள். அது எவ்வளவு நுணுக்கமாக அளந்தோம் என்பது பற்றியது, எப்படிச் சுருக்கினோம் என்பது பற்றியதல்ல. அதற்கு ‘நுண்பதிவு’ என்று வைக்கலாம் என நினைக்கிறேன், தனி இழை தொடங்குகிறேன். மாற்றுச் சொல் தருகிறவர்கள் அதை வைத்து ஒரு முழு வாக்கியமும் எழுதி அனுப்புங்கள்.